மணி அடிக்கும்போது நிமிர்வோம்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: மாற்கு 6:30-34)



இந்த நேரத்தில் உங்களில் சிலர் அடுப்படியில் நின்றுகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிலர் பேருந்திலோ ஆட்டோவிலோ போய்க்கொண்டிருப்பீர்கள். நோயாளி ஒருவரின் கட்டில் அருகே, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்பவர்களும் இருப்பீர்கள். கையில் வேலையும் மனதில் கவலையுமாகக் கேட்கிற உங்களுக்குத்தான் இன்றைய நற்செய்தி.

இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பியிருந்தார். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்கள், பேய்களை ஓட்டினார்கள், நோயாளிகள் பலரை எண்ணெய் பூசிக் குணமாக்கினார்கள். இப்போது திரும்பி வந்து, செய்ததையும் கற்பித்ததையும் எல்லாம் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "நன்று, அடுத்த ஊருக்குப் புறப்படுங்கள்" என்றிருப்போம். ஆனால் ஆண்டவர் அவர்களுடைய முகத்தைப் பார்க்கிறார். தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கும்படி அவர்களை அழைக்கிறார். வருவோரும் போவோருமாக அத்தனை பேர் இருந்ததால், அவர்களுக்கு உண்ணக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று மாற்கு குறிப்பிடுகிறார்.

உண்ணக்கூட நேரமில்லை! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தச் சொல்லை நம் வீடுகளில் இன்றும் தினமும் கேட்கிறோம்.

அவர்கள் படகில் ஏறிப் புறப்படுகிறார்கள். மக்கள் அதைப் பார்த்துவிட்டுக் கரையோரமாகவே ஓடி, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். படகு கரையைத் தொடும்போது அங்கே பெருங்கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. தனிமையான இடம் கிடைக்கவில்லை. கலிலேயக் கடல் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். அதன் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போன அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் சீடர்களுக்குக் கிடைத்த ஓய்வு.

அன்புக்குரியவர்களே, நம்மில் பலர் கரையை எதிர்பார்த்தே வாழ்கிறோம். "பிள்ளைகள் படித்து முடிக்கட்டும், அப்புறம் ஓய்வெடுக்கலாம்." "கடன் அடையட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம்." "பணி ஓய்வு பெற்ற பிறகு தினமும் செபமாலை சொல்லலாம்." ஆனால் கரைக்குப் போய்ச் சேரும்போது அங்கேயும் ஒரு கூட்டம் நமக்காகக் காத்திருக்கிறது. பிள்ளைகள் படித்து முடித்தால் வேலை, வேலை கிடைத்தால் திருமணம், திருமணம் முடிந்தால் பேரப்பிள்ளைகள். கரை நமக்கு வாய்க்காமல் போகலாம். படகு வாய்க்கும். அந்தச் சின்னப் படகுப் பயணத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் அம்மா பீடி சுற்றியவர். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அதுதான் தொழில். காலையில் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். பிறகு கத்தரியால் அளவாக வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இலை, தூள், நூல், மறுபடியும் இலை, தூள், நூல். நாளுக்கு ஆயிரம் பீடி சுற்ற வேண்டும். குனிந்த தலை நிமிராது. முதுகும் கழுத்தும் எப்படி வலித்திருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

நண்பகல் 12 மணிக்கு உபதேசியார் கோயில் மணியை அடிப்பார். மும்மூன்றாக மூன்று தடவை, பிறகு தொடர்ந்து ஒன்பது. முதல் மணி கேட்டதும் அம்மா சுளகைத் தரையில் இறக்கி வைப்பார். புகையிலைத் தூள் படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். சிலுவை அடையாளம் போட்டு மூவேளைச் செபம் சொல்வார். எங்கள் பாட்டி அதைத் 'திரிகால செபம்' என்பார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்.

நான் அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, இந்த ரெண்டு நிமிஷத்துல நாலு பீடி சுத்தலாம்லா. மத்தியானமும் சாயங்காலமும் சேத்தா எட்டு. மாசத்துக்கு எவ்வளவு ஆச்சு பாத்தியா?" அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏல, வேலை முடிஞ்ச பொறவுதான் நிமிரணும்னா நான் என்னைக்குல நிமிர?"

அம்மா மறையியல் படித்தவரல்ல. ஆனால் திருவிவிலியம் ஓய்வைப் பற்றிச் சொல்கிற உண்மையை அந்த ஒரே வரியில் சொல்லிவிட்டார். வேலை முடிந்த பிறகு கிடைக்கும் கூலி என்று நாம் ஓய்வை நினைக்கிறோம். அப்படியிருந்தால் ஏழைக்கு ஓய்வே கிடைக்காது. ஏழையின் வேலை முடிவதேயில்லை. வேலை முடியாதபோதே, நடுவில் நிறுத்திவிட்டு நிமிர்வதுதான் ஓய்வு.

இந்த மணியோசை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பாவில் மாலை மணி அடிக்கும்போது மங்கள வார்த்தைச் செபத்தை மும்முறை சொல்லும் வழக்கம் இருந்தது. 1318-ஆம் ஆண்டு திருத்தந்தை 22-ஆம் யோவான் அதற்கு ஒப்புதல் தந்தார். காலை மணியும் பிறகு சேர்ந்துகொண்டது. 1456-இல் போர் அச்சம் சூழ்ந்திருந்த நேரத்தில் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்து, நண்பகலிலும் மணி அடித்து மக்கள் செபிக்க வேண்டும் என்று பணித்தார். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை உருவானது. 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், மரியன்னை வணக்கம் பற்றிய தம் 'மரியாலிஸ் குல்துஸ்' மடலில், எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் இந்த வழக்கத்தைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டார். இன்றும் ஞாயிறுதோறும் நண்பகலில் திருத்தந்தையர் வத்திக்கானில் மக்களோடு சேர்ந்து இதைச் சொல்கிறார்கள்.

இதற்கு வேர் இன்னும் ஆழமாக இருக்கிறது. பாபிலோனில் வாழ்ந்த தானியேல், அரசனின் தடை இருந்தும் எருசலேமை நோக்கிய சன்னலைத் திறந்து வைத்து நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டார் என்று வாசிக்கிறோம். மாலையிலும் காலையிலும் நண்பகலிலும் தாம் ஆண்டவரிடம் முறையிடுவதாகத் திருப்பாடல் 55-இன் ஆசிரியர் பாடுகிறார். அந்தத் திருப்பாடலை வீட்டில் எடுத்துப் பாருங்கள். நெஞ்சு படபடக்கிற, நடுக்கம் பிடித்த, எங்காவது பறந்து போய்விடலாமா என்று ஏங்குகிற ஒரு மனிதரின் பாடல் அது. இன்று நாம் 'மன அழுத்தம்' என்று சொல்வதை அவர் முழுக்க அனுபவித்திருக்கிறார். அவர் கண்டுகொண்ட வழி, நாளுக்கு மூன்று முறை நிற்பது.

பிரான்சு நாட்டு ஓவியர் மில்லே 1857-க்கும் 1859-க்கும் இடையில் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயரே 'மூவேளை மணி'. இன்று அது பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல வீடுகளில் அதன் அச்சுப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். மாலை நேரம். உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஆணும் பெண்ணும் தலை குனிந்து நிற்கிறார்கள். ஆணின் தொப்பி கையில் இருக்கிறது. மண்வெட்டி போன்ற கருவி நிலத்தில் குத்தி நிற்கிறது. கூடை காலடியில் கிடக்கிறது. தூரத்தில் கோயில் கோபுரம் தெரிகிறது. சிறுவயதில் வயலில் வேலை செய்யும்போது மணி கேட்டால், தன் பாட்டி எல்லாரையும் நிறுத்திச் செபிக்கச் சொல்வார் என்ற நினைவில்தான் இதை வரைந்ததாக மில்லே சொல்லியிருக்கிறார். கருவி நிலத்தில், கூடை தரையில், அம்மாவின் சுளகும் தரையில். நாடு வேறு, காலம் வேறு. நிமிர்தல் ஒன்றுதான்.

அந்தச் செபத்தில் அப்படி என்ன சொல்கிறோம்? வானதூதர் மரியாவிடம் வந்து செய்தி சொன்னார், மரியா சரி என்றார், இறைவாக்கு மனிதரானார். மூன்றே செய்திகள். நாம் என்ன செய்து முடித்தோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்பது அதில் இல்லை. கடவுள் நமக்காகச் செய்ததுதான் இருக்கிறது. உலகத்தைத் தாங்கும் வேலை எனக்குரியது அல்ல, அவருடையது என்று நாளுக்கு மூன்று முறை நமக்கு நாமே நினைவூட்டுகிறோம். மன அழுத்தத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும், "நான் இல்லாவிட்டால் எல்லாம் விழுந்துவிடும்" என்ற நினைப்பு இருக்கும். அந்த நினைப்புக்குத்தான் இது மருந்து.

நம் உடலும் இதற்கு ஒத்துப்போகிறது. பயமோ பதற்றமோ வரும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓர் ஆபத்திலிருந்து ஓடித் தப்பிக்க அது தேவை. ஆனால் காலை முதல் இரவு வரை அதே நிலையில் இருக்க உடல் படைக்கப்படவில்லை. மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. 2001-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நலமாயிருந்த 23 பேரைச் செபமாலையின் மங்கள வார்த்தைச் செபத்தை இலத்தீனில் சொல்ல வைத்தார்கள். ஒரு யோக மந்திரத்தையும் ஓத வைத்தார்கள். இரண்டிலும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அந்த மெதுவான மூச்சில் இதயமும் இரத்த ஓட்டமும் சீரான தாளத்துக்கு வந்ததை அவர்கள் கண்டார்கள்.

செபத்தை ஒரு மாத்திரையாக ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் செபிப்பது இரத்த அழுத்தம் குறைவதற்காக அல்ல, நம்மை அன்பு செய்கிறவரோடு இருப்பதற்காக. ஆனால் நம்மைப் படைத்தவரும் நம்மைச் செபிக்க அழைக்கிறவரும் ஒருவரே. ஆகவே ஆன்மாவுக்கு நல்லது உடலுக்கும் நல்லதாக இருப்பதில் நமக்கு வியப்பில்லை.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு காலத்தில் இதைக் கைவிட்டேன். அதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில் பள்ளிக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சிமெண்ட் கணக்கு, கொத்தனார் கூலி, நன்கொடைப் பட்டியல், ஒப்புதலுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். அந்த ஊர்க் கோயிலில் மணியைக் கயிறு பிடித்து இழுப்பதில்லை. நேரம் வந்தால் ஒலிபெருக்கியில் தானாகவே ஒலிக்கும். அது ஒலிக்கும், நான் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். கடவுளுடைய வேலையைத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் நண்பகல். மணி ஒலித்துக்கொண்டிருக்கிறது. அலுவலக வாசலில் வயதான ஓர் அம்மா வந்து நின்றார். நான் தலை நிமிராமலே, "நாளைக்குக் காலையில வாங்கம்மா, இப்ப கொஞ்சம் வேலை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் படுக்கையில் இருந்த தன் கணவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க என்னைக் கூப்பிட வந்திருக்கிறார். மறுநாள் விடியும்முன் அவர் இறந்துபோனார்.

அடக்கத் திருப்பலி முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. "அன்னைக்கு உங்களுக்கு வேலை ரொம்ப இருந்துச்சுல்லா சாமி" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இறந்தவரை ஆண்டவருடைய இரக்கம் கைவிடாது என்று நம்புகிறேன். ஆனால் அன்று அந்த வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் பேனாவைக் கீழே வைத்திருந்தால், நிமிர்ந்திருப்பேன். நிமிர்ந்திருந்தால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் கேட்டிருப்பேன். நிற்காதவனுக்கு முகம் தெரியாது. இது எனக்கு மிகப் பெரிய விலை கொடுத்துக் கிடைத்த பாடம். கொடுத்தவன் நானல்ல, அந்தக் குடும்பம்.

இப்போது நற்செய்தியைத் திரும்பப் பாருங்கள். படகிலிருந்து இறங்கிய இயேசு அந்தக் கூட்டத்தைத் தொல்லையாகப் பார்க்கவில்லை. ஆயனில்லா ஆடுகளாக அவர்களைக் கண்டு மனம் இரங்கினார். தந்தையோடு தனித்திருந்து பழகிய கண்களுக்கு முகங்கள் தெரிகின்றன. ஓய்வு பிறரிடமிருந்து தப்பி ஓடுவதற்காக அல்ல. அவர்களை மறுபடியும் மனிதராகப் பார்ப்பதற்காக. நாள் முழுக்க நிற்காமல் உழைத்துவிட்டு, இரவில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறோமே, அது ஏன்? பிள்ளைமேல் அன்பு இல்லாததாலா? இல்லை. வில் அளவுக்கு மீறி வளைந்துவிட்டது.

புனித வனத்து அந்தோணியாரைப் பற்றிப் பாலைவனத் தந்தையர்கள் நடுவில் வழங்கி வந்த ஒரு கதை உண்டு. அவர் தம் சகோதரர்களோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு வேட்டைக்காரர் முகம் சுளித்தார். அந்தோணியார் அவரிடம், "உம் வில்லில் அம்பை வைத்து இழும்" என்றார். இழுத்தார். "இன்னும் இழும்" என்றார். இழுத்தார். மறுபடியும் இழுக்கச் சொன்னபோது, "இதற்கு மேல் இழுத்தால் வில் முறிந்துவிடும்" என்றார் வேட்டைக்காரர். "கடவுளின் பணியிலும் அப்படித்தான்" என்று அந்தோணியார் அவருக்குப் புரியவைத்தார். கடுந்தவம் புரிந்த ஒரு துறவியே இதைச் சொல்கிறார் என்றால் நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

வில் முறிகிற அளவுக்குப் போன ஓர் இறைவாக்கினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 அரசர்கள் 19-ஆம் அதிகாரம். ஈசபேல் அரசிக்குப் பயந்து எலியா பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். கடவுள் அவருக்கு உடனே அறிவுரை சொன்னாரா? "உன் நம்பிக்கை எங்கே போயிற்று" என்று கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார். வானதூதரை அனுப்பித் தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணக் கொடுத்தார். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணம். அங்கே காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் இல்லை. அதன்பின் வந்த ஒரு மெல்லிய ஒலியை எலியா கேட்டார். முதலில் உறக்கம், உணவு, தண்ணீர். பிறகுதான் செய்தி. களைத்தவரிடம் கடவுள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்.

எலியாவைப் போல, "போதும், இனி வாழ்ந்து என்ன" என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது வருகிறது என்றால், பல நாளாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், நான் சொல்லும் இரண்டு நிமிட ஓய்வு மட்டும் போதாது. அது நம்பிக்கைக் குறைவும் அல்ல, பாவமும் அல்ல. எலியாவுக்கே ஒரு தூதர் தேவைப்பட்டார். மருத்துவரைப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் மனதைத் திறந்து பேசுங்கள். 14416 என்ற எண்ணில் நடுவண் அரசின் டெலி மானஸ் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். அந்தத் தொலைபேசியை எடுப்பவரும் உங்களுக்கு அப்பம் கொண்டுவரும் தூதராக இருக்கலாம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? மூன்று வேளை, இரண்டிரண்டு நிமிடம். காலையில் கைபேசியைத் தொடும்முன் ஒன்று. நண்பகலில் உணவுக்கு முன் ஒன்று. மாலையில் வீட்டுக்குள் நுழையும்முன் ஒன்று. மாலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் உடனே உள்ளே போகாதீர்கள். கொஞ்சம் நின்று, அலுவலகச் சுமையை ஆண்டவரிடம் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போங்கள். உங்கள் மனைவியும் பிள்ளைகளும் வித்தியாசத்தைக் கண்டுகொள்வார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் முதலில் கை வேலையைக் கீழே வையுங்கள். சுளகோ, கரண்டியோ, கைபேசியோ, கீழே இருக்கட்டும். பிறகு நிமிர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், மூன்று நான்கு முறை. பிறகு மூவேளைச் செபம் சொல்லுங்கள். மறந்துபோயிருந்தால் ஒரே ஒரு மங்கள வார்த்தைச் செபம் போதும், ஆனால் அவசரப்படாமல் சொல்லுங்கள். கடைசியாக, மறுபடி வேலையைத் தொடும்முன் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஒரு முறை பாருங்கள். அவர்களுடைய முகத்தைப் பாருங்கள். கைபேசியைத் திறந்து காணொளி பார்ப்பது ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். அது கரையில் நின்ற கூட்டத்தைப் படகுக்குள்ளேயே ஏற்றிக்கொள்வதற்குச் சமம்.

இங்கே ஒரு கேள்வி எழும். "சாமி, எனக்கு நிற்க அனுமதி இல்லையே?" நியாயமான கேள்வி. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்கக் காலூன்றி நிற்கிற பெண்களுக்கு உட்காரவே நாற்காலி இல்லாத நிலை நீண்ட காலம் இருந்தது. கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஒருவர் சற்று உட்கார்வதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஆனால் இதைக் கடவுள் வெகு காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். இணைச்சட்டம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை வாசியுங்கள். நீ மட்டும் ஓய்ந்திரு என்று அது சொல்லவில்லை. உன் மகனும் மகளும், உன் அடிமையும் பணிப்பெண்ணும், உன் மாடும் கழுதையும், உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியரும் வேலை செய்யக்கூடாது என்கிறது. உன்னைப் போலவே உன் பணியாளரும் ஓய்வு பெற வேண்டும் என்று காரணமும் சொல்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாயே, அதை மறக்காதே என்கிறது. எகிப்தில் பார்வோன் ஓய்வு கொடுக்கவில்லை. செங்கல் கணக்கைக் குறைக்காமல் வைக்கோலை மட்டும் நிறுத்தினான். ஓய்வு கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான். பிறருக்கு ஓய்வை மறுக்கும்போது நாம் யாருடைய குரலில் பேசுகிறோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

எனவே கடை வைத்திருப்பவர்களே, உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறதா? இருந்தால், அதில் உட்கார்பவரை முறைக்காமல் இருக்கிறீர்களா? வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம், "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு அப்புறம் பாத்திரம் தேய்க்கலாம்" என்று சொல்கிறோமா? வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறிப்போன சோற்றைத் தனியாக உண்ணும் அம்மாவை, மனைவியை, மருமகளை, "நீயும் உக்காரு, நான் பரிமாறுறேன்" என்று ஒரு நாளாவது உட்கார வைத்திருக்கிறோமா? படுக்கையில் இருக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "அரை மணி நேரம் நான் இருக்கேன், நீ கோயிலுக்குப் போயிட்டு வா" என்று சொல்ல நம்மால் முடியாதா? அந்த அரை மணி நேரம் அவருக்குப் படகு. அதை ஓட்டுகிறவர் நீங்கள்.

என் அம்மா இப்போது இல்லை. கடைசி ஆண்டுகளில் அவருடைய விரல்கள் மடங்கியே இருந்தன. பீடி சுற்றிய விரல்கள் அல்லவா! ஆனால் மணி கேட்டால் கட்டிலில் இருந்தபடியே தலையைத் தூக்கப் பார்ப்பார். நான் முதுகில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பேன். அந்த இரண்டு நிமிடத்தில் எத்தனை பீடி சுற்றலாம் என்று கணக்குப் போட்ட அதே மகன்தான். இப்போது நண்பகல் மணி கேட்டால் பேனாவைக் கீழே வைக்கிறேன். வாசலைப் பார்க்கிறேன். யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன்.

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் ஒரே ஒரு முயற்சி. நாளுக்கு மூன்று முறை நிமிர்வோம். முடியாவிட்டால் நண்பகலில் ஒரு முறையாவது நிமிர்வோம். நம்மால் நிமிர முடியாதபடி குனிந்திருக்கும் யாராவது ஒருவரை நிமிர வைப்போம்.

மன்றாடுவோம். அன்பு ஆண்டவரே, உண்ணக்கூட நேரமில்லாதிருந்த உம் சீடர்களைப் பார்த்து மனமிரங்கியவரே, எங்களையும் பாரும். எங்கள் வேலை முடிவதில்லை, எங்கள் கவலையும் முடிவதில்லை. முடியாத வேலையின் நடுவிலும் உம்மிடம் வந்து சற்று இளைப்பாற எங்களுக்குக் கற்றுத் தாரும். களைத்த இரவுகளில் நோயாளிகளைக் காப்போர், தூக்கம் வராதோர், நின்றே உழைப்போர், ஓய்வு மறுக்கப்பட்டோர் அனைவரையும் உம் படகில் ஏற்றிக்கொள்ளும். நாங்கள் பார்க்கத் தவறிய முகங்களுக்காக எங்களை மன்னியும். எங்கள் அன்னை மரியாவைப் போல, நாங்களும் உம் குரல் கேட்டு, 'சரி' என்று சொல்ல அருள் தாரும். ஆமென்.

இறைவனின் அமைதி உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக.